‘வலித்தால் கொடுக்கவும்’ என்ற வரியை அடித்துவிடுங்கள்

மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, குழந்தை நலம், அவசர சிகிச்சைப் பிரிவுகளின் தலைவர்களுக்கும், வார்டுச் செவிலியர் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கேஸ் ஷீட்டில் மருந்துப் பட்டியலின் அடியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். வலி மாத்திரையின் பெயர், பக்கத்தில் ‘எஸ்.ஓ.எஸ்.’ வலித்தால் கொடுக்கவும் என்று அர்த்தம். ஆன்டிபயாட்டிக்குக்கு நேரம் குறிக்கிறோம், இன்சுலினுக்கு நேரம் குறிக்கிறோம், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசிக்கும் நேரம் குறிக்கிறோம். வலிக்கு மட்டும், நோயாளி வாய் திறந்து கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லித்தான் வலி சிகிச்சையில் வேலை பார்க்கும் நாங்கள் இந்த மடலை எழுதுகிறோம். அலமாரியில் மருந்து இருக்கும்போதே நோயாளி வலியில் துடிப்பதற்கு முதல் காரணம் அந்த வரி என்றே நினைக்கிறோம்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவரின் முதல் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டரில் போட்ட மருந்தின் வேகம் இரவு ஒன்பது, பத்து மணிவாக்கில் இறங்கத் தொடங்கும். நோயாளி முதலில் பொறுத்துப் பார்ப்பார். ஆபரேஷன் என்றால் வலிக்கத்தானே செய்யும், சிஸ்டரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். முடியாமல் போனபின் கூட இருப்பவர் எழுந்து செவிலியர் மேசைக்குப் போவார். செவிலியர் நான்கு படுக்கை தள்ளி டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். அதை முடித்துவிட்டு வந்து, ஷீட்டைப் பார்த்து, மாத்திரை எடுத்துக் கொடுத்தாலும் அது வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் வலி உச்சத்துக்குப் போயிருக்கும். மாலை ஆறு மணிக்குக் கொடுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் அதே மாத்திரை, இப்போது போதாது.

ஏன் போதாது என்பதில்தான் வலியின் விஞ்ஞானம் இருக்கிறது. திசு கிழிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் போன்ற பொருட்கள் ஊறுகின்றன. அவை நரம்பு முனைகளை உசுப்பிவிடுவதால், வழக்கமாக வலிக்காத தொடுதல்கூட அங்கே வலிக்கிறது. செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் இரண்டு வகை. ஏ-டெல்டா இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கடத்துகின்றன. ‘சுரீர்’ என்ற முதல் வலி அவற்றுடையது. சி இழைகளின் வேகம் நொடிக்கு 2 மீட்டர்கூட இல்லை. பின்னாலேயே வந்து நெடுநேரம் தங்கும் எரிச்சலும் கடுப்பும் அவற்றுடையவை. இந்த சி இழைகள் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் முதுகுத் தண்டுவடத்தில் உள்ள நரம்பணுக்களே தங்கள் குணத்தை மாற்றிக்கொள்கின்றன. சின்னச் செய்தியைப் பெரிதாக்கி மேலே அனுப்புகின்றன. காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் வலிக்க வைக்கின்றன. இதை நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் 1983-ல் காட்டினார். இப்படி உசுப்பேறிய தண்டுவடத்தை அடக்குவது, உசுப்பேறாமல் பார்த்துக்கொள்வதைவிடக் கடினம். வலியை முந்திக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டும் என்று நாங்கள் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான். புற்றுநோய் வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட வழிமுறையிலேயே ‘கடிகாரப்படி கொடு’ என்பது அடிப்படை விதியாக இருந்தது.

கடிகாரப்படி என்றால் எப்படி? 50 கிலோவுக்கு மேல் எடை, கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கும் பெரியவருக்கு: பாராசிட்டமால் 1 கிராம், காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. ஐபுப்ரோஃபென் 400 மி.கி., காலை 8, பகல் 2, இரவு 8, சாப்பாட்டுக்குப் பின். வலி கேட்டாலும் கேட்காவிட்டாலும், முதல் இரண்டு மூன்று நாட்கள். இதற்கு மேலும் வலி வந்தால் கொடுக்க ஒரு மருந்தைத் தனியாக எழுதி, அதற்கு மட்டும் ‘எஸ்.ஓ.எஸ்.’ போடுங்கள். எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை முறை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இந்த எளிய இரண்டு மாத்திரைகளை அலட்சியமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியில் ஒரு வேளை மருந்தைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் குழுக்கள் கணக்கிட்டிருக்கின்றன. வலி பாதியாவது குறைவதை அளவுகோலாக வைத்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவர் பலன் பெற எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. எண் சிறியதாக இருந்தால் மருந்து நல்லது. பாராசிட்டமால் 1 கிராம்: 3.6. ஐபுப்ரோஃபென் 400: 2.5. ஐபுப்ரோஃபென் 200-ம் பாராசிட்டமால் 500-ம் சேர்ந்தால்: 1.6. கோடீன் 60 மி.கி. தனியாக: 12. ‘ஸ்ட்ராங்கான மாத்திரை’ என்று பெயர் வாங்கிய கோடீன் வரிசையின் கடைசியில் நிற்கிறது. கோடீன் உடலில் மார்ஃபினாக மாறினால்தான் வேலை செய்யும். மாற்றும் நொதி சிலருக்கு வேலையே செய்யாது. அவர்களுக்கு மாத்திரையால் பயன் இல்லை. சிலருக்கு அது மிக வேகமாக மாற்றிவிடும். அவர்களுக்கு மூச்சு நிற்கும் ஆபத்து. டான்சில் எடுத்த குழந்தைகள் சிலர் இப்படி இறந்தபின் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் கடும் எச்சரிக்கை விட்டது. 2017-ல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்றே சொல்லிவிட்டது. குழந்தைகள் வார்டு அலமாரியில் இன்னும் கோடீன் சிரப் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பாராசிட்டமாலுக்கு நாளுக்கு 4 கிராம் எல்லை. சளி மாத்திரையிலும், டிராமடால் கலந்த கூட்டு மாத்திரையிலும் அது ஒளிந்திருப்பதால் இரண்டு முறை சேர்ந்துவிடும். 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், சாப்பிடாமல் வாடியவர்கள், நாள்தோறும் குடிப்பவர்கள் ஆகியோருக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளைச் சிறுநீரகப் பழுது, வயிற்றுப் புண், இதயச் செயலிழப்பு, உடலில் நீர் வற்றிய நிலை, கர்ப்பத்தின் பிற்பாதி ஆகியவற்றில் தவிருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு மூன்றாவதாக இதையும் கொடுத்தால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடும். டைக்ளோஃபெனாக் ஊசியும் போட்டு ஐபுப்ரோஃபென் மாத்திரையும் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. ஒரே வகை மருந்து இரண்டு. வலி நிவாரணம் அதிகமாகாது, ரத்தக்கசிவுதான் அதிகமாகும். வாயால் விழுங்க முடிந்தவருக்கு இந்த வகையை ஊசியாகப் போடுவதால் கூடுதல் பலன் இருப்பதாகச் சான்று இல்லை. ஊசி குத்திய இடத்தில் சீழ் கட்டும் வாய்ப்புதான் மிச்சம்.

அடுத்து, வலியை அளப்பது. சைபரிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பது நல்ல வழக்கம். ஆனால் படுத்திருப்பவரிடம் மட்டும் கேட்டு ‘2’ என்று எழுதிவிட்டுப் போனால் அது பாதி உண்மை. ஒரு முறை இருமச் சொல்லுங்கள். மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லுங்கள். கட்டிலில் புரண்டு உட்காரச் சொல்லுங்கள். அப்போது கேட்டால் அதே நோயாளி ‘8’ என்பார். இருமப் பயந்தவரின் நுரையீரல் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரும். எழுந்து நடக்கப் பயந்தவரின் காலில் ரத்தம் உறையும். ஆகவே அசைவின்போது உள்ள வலியையே சிகிச்சைக்கு அளவாக வையுங்கள். மருந்து கொடுத்த பின் மறுபடியும் அளக்க வேண்டும்: ரத்தக் குழாயில் ஊசி என்றால் 15 நிமிடத்தில், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில். இரண்டாவது எண் எழுதப்படாத ஷீட்டில் முதல் எண் இருந்து பயனில்லை.

எண்ணோடு நிறுத்தவும் வேண்டாம். நம் நோயாளிகள் வலியைச் சொல்லும் விதமே பாதி நோயறிதல். ‘பிசைகிறது’, ‘விட்டு விட்டு முறுக்குகிறது’ என்றால் குடல், பித்தப்பை, சிறுநீர்க் குழாய் போன்ற உள் குழாய்களை நினைக்கலாம். ‘குடைச்சல்’ என்றால் எலும்பு, மூட்டு. ‘விண் விண் என்று தெறிக்கிறது’ என்றால் உள்ளே சீழோ வீக்கமோ அழுத்திக்கொண்டிருக்கலாம். ‘எரியுது, ஆனால் தொட்டால் மரத்துப்போன மாதிரி இருக்கு’, ‘கரண்ட் அடிச்ச மாதிரி’, ‘எறும்பு ஊர்ற மாதிரி’, ‘போர்வை பட்டாலே தாங்கலை’ என்று ஒருவர் சொன்னால் அது நரம்பே பழுதான வலி. சர்க்கரை நோயில் பாதங்களில், அக்கி வந்து போன இடத்தில், நரம்பு வெட்டுப்பட்ட தழும்பில் வரும். ‘சுத்தி உடம்பெல்லாம் உளைச்சல், தூக்கமே இல்லை’ என்பது வேறொரு வகை. திசுவிலும் நரம்பிலும் கண்ணுக்குத் தெரிந்த பழுது இல்லாமல் வலி அமைப்பே கூர்மையாகிவிட்ட நிலை. இவை தீர்ப்பல்ல, திசைகாட்டிகள் மட்டுமே. பரிசோதனைதான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் ‘வலி உண்டு’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால் திசையே தெரியாது. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே, மொழிபெயர்க்காமல், ஷீட்டில் எழுதும்படி உங்கள் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஏனென்றால் நரம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஏறக்குறைய பயனற்றவை. அதற்குரிய மருந்துகள் வேறு. அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. வீதம் ஏற்றி, பெரும்பாலும் 25 முதல் 75 வரை போகலாம். வயதானவர்களுக்குத் தலைசுற்றல், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரும் என்பதால் கவனம். டுலாக்ஸெடின் 30 மி.கி.யில் தொடங்கி 60. கபாபென்டின் இரவில் 300-ல் தொடங்கி மெல்ல ஏற்றி, மூன்று வேளையாகப் பிரித்து 1,800 வரை அல்லது அதற்கு மேல். சிறுநீரகம் பழுதானால் குறைக்க வேண்டும். முகத்தில் மின்னல் வெட்டுவது போல வரும் ட்ரைஜெமினல் வலிக்குக் கார்பமசெபின். கார்பமசெபினைத் தவிர மற்றவை மறுநாளே கேட்காது. இரண்டு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால் நோயாளி நான்காம் நாள் நிறுத்திவிடுவார். அதோடு, எல்லோருக்கும் கேட்கும் மருந்து ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்ததற்கு மாற வேண்டுமே தவிர, நோயாளி நடிக்கிறார் என்ற முடிவுக்கு வரக் கூடாது.

நடிப்பு என்ற சொல் வந்துவிட்டதால் ஒரு கெட்ட வழக்கத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ‘டிஸ்டில்டு வாட்டர் போட்டுப் பார், வலி நின்றால் எல்லாம் பாசாங்கு’ என்பார்கள். இது தப்பு என்று 1978-லேயே நிரூபணமாகிவிட்டது. கடைவாயில் அறிவுப்பல் பிடுங்கியவர்களுக்கு லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. ஓபியம் வகை மருந்தின் வேலையைத் தடுக்கும் நாலாக்ஸோன் கொடுத்ததும் அவர்களுக்கு வலி மறுபடியும் ஏறியது. நிவாரணம் வரும் என்ற எதிர்பார்ப்பில் மூளை தன் சொந்த மார்ஃபினைச் சுரந்திருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் பாதை ஒன்று வலிச் செய்தியைக் கீழேயே மட்டுப்படுத்துகிறது. வெற்று ஊசி அந்தப் பாதையைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். நிஜ வலியும் வெற்று ஊசிக்குக் குறையும். ஆகவே அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை. நோயாளியை ஏமாற்றியது மட்டும்தான் மிச்சம். தெரிந்துவிட்டால் அதன்பின் நாம் போடும் நல்ல மருந்தும் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் நம்பிக்கை போய்விடும். அந்த இறங்கு பாதையும் மூடிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்த வீரர்களை ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருத்துவர் கேட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வலிக்கு மருந்து வேண்டாம் என்றார்கள். காயத்தின் அளவும் வலியின் அளவும் நேர்க்கோட்டில் போவதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு போல வலிச் செய்தி கட்டுப்படுத்தப்படுகிறது என்று ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் எழுதியதன் சாரமும் இதுவே. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையில், ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பைச் சேர்த்திருக்கிறது. காயம் சின்னது, வலி எப்படிப் பெரிதாக இருக்கும் என்று வார்டு ரவுண்ட்ஸில் கேட்பதை நிறுத்துவோம்.

இனி மார்ஃபின். உங்களில் பலரின் தயக்கம் இங்கேதான் என்று தெரியும். 1961-ம் ஆண்டின் போதைப்பொருள் ஒப்பந்தமே, வலியைத் தணிக்க இவற்றின் மருத்துவப் பயன்பாடு இன்றியமையாதது என்றும், அவை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் முகப்பில் சொல்கிறது. ஆனால் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-ல் காட்டிய கணக்கில், உலகில் ஆண்டுதோறும் விநியோகமான சுமார் 299 டன் மார்ஃபினுக்கு ஈடான மருந்தில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். ஒரு பக்கம் மிதமிஞ்சிய பயன்பாட்டால் சாவு, மறுபக்கம் ஒரு மாத்திரை இல்லாமல் கதறல். இரண்டுமே மருந்தை அறியாமல் கையாள்வதன் விளைவு.

எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வரும் பெரியவருக்கு நாங்கள் சொல்லும் முறை: 10 மி.கி. மார்ஃபினை சலைனில் கலந்து 10 மி.லி. ஆக்குங்கள், 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். 2 மி.லி. ரத்தக் குழாயில் மெதுவாகக் கொடுத்து 5 நிமிடம் பொறுங்கள். வலி 4-க்கு மேல் இருந்து, நோயாளி விழிப்பாக இருந்தால் மறுபடி 2. வயதானவருக்கு 1 மி.லி. போதும். கண் சொருகத் தொடங்கியதும் நிறுத்துங்கள், வலி மிச்சம் இருந்தாலும். ஏனென்றால் மார்ஃபின் கூடும்போது முதலில் வருவது தூக்கம். மூச்சு குறைவது அதற்குப் பின். தூக்கத்தைக் கவனிப்பவர் மூச்சுத் திணறலை முன்கூட்டியே பிடித்துவிடலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஆக்சிஜன் முகமூடி போட்டவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 6 ஆக இறங்கியபின்னும் மீட்டர் 98 காட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவதற்கு மாற்று இல்லை.

மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போய், தட்டினாலும் எழவில்லை என்றால்: ஆக்சிஜன், தேவையானால் பையால் மூச்சு. பிறகு 400 மைக்ரோகிராம் நாலாக்ஸோன் ஆம்பூலை 10 மி.லி. ஆக்கி, 1 முதல் 2 மி.லி. வீதம் 2 நிமிடத்துக்கு ஒருமுறை, மூச்சு சீராகும் வரை மட்டும். மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பிவிடும். ரத்த அழுத்தம் எகிறும். நாலாக்ஸோன் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகலாம், மார்ஃபின் இன்னும் உள்ளே இருக்கும். எனவே எழுந்து பேசிவிட்டார் என்று நோயாளியை விட்டுப் போகக் கூடாது. மார்ஃபின் இருக்கும் அலமாரியில் நாலாக்ஸோனும் இருக்க வேண்டும், அதன் சாவி இரவு டியூட்டியில் உள்ளவரின் கையிலேயே இருக்க வேண்டும்.

வயிற்று வலியோடு வந்தவருக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பயம் பழையது. சர்ஜன் வந்து பார்க்கும் வரை துடிக்க விட வேண்டும் என்று மாணவர்களுக்கு இன்னும் சொல்லித்தரப்படுகிறது. சோதனை செய்து பார்த்த ஆய்வுகளில், முன்கூட்டியே மார்ஃபின் பெற்றவர்களுக்குத் தவறான நோயறிதல் கூடவில்லை. வலி தணிந்தவரின் வயிறு இறுக்கம் விடுவதால், எங்கே வலிக்கிறது என்று அழுத்திப் பார்ப்பது எளிதாகவும் ஆகும்.

புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின். முதல் முறை எடுப்பவருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மி.கி.; மெலிந்த முதியவருக்கு 2.5, சிறுநீரகம் பழுதானால் இடைவெளியையும் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழிவுப்பொருள் தேங்கி உடல் வெடுக் வெடுக்கென்று துள்ளும், குழப்பமும் வரும். படுக்கும்முன் வேளைக்கு இரட்டை அளவு கொடுத்தால் நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை. இடையில் வலி பீறிட்டால் ஒரு வேளைக்குரிய அளவையே கூடுதலாகக் கொடுக்கலாம். அளவைக் கூட்டுவது வெறும் கணக்கு: 10 மி.கி. வீதம் ஆறு வேளை 60, இடையில் நான்கு முறை 10 வீதம் 40, மொத்தம் 100. ஆறால் வகுத்தால் 16 சொச்சம். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் 15. குமட்டல் ஒரு வாரத்தில் பழகிவிடும். மலச்சிக்கல் ஒருநாளும் பழகாது. பைசாகோடில், சென்னா போன்ற மலமிளக்கி ஒன்று முதல் வேளை மார்ஃபினோடேயே தொடங்கப்பட வேண்டும். மலம் இறுகிப்போய்ப் படும் அவதியில் மார்ஃபினையே நிறுத்திவிடும் நோயாளிகள் உண்டு.

நெடுநாள் முதுகுவலி, மூட்டுத் தேய்மான வலிக்கு மட்டும் இந்த வகை மருந்தை நீட்டாதீர்கள். 240 பேரை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. அதில் ஓபியம் வகை மருந்து பெற்றவர்கள் மற்ற வலி மருந்து பெற்றவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீளும் வலிக்குத் தூக்கத்தைச் சீர்படுத்துவதும், அளவாகத் தொடங்கி மெல்லக் கூட்டும் உடற்பயிற்சியும், அது ஏன் வலிக்கிறது என்று நிதானமாக விளக்குவதுமே முதுகெலும்பு. 15 நிமிடம் நடந்தால் வலி ஏறுகிறதென்றால் 12 நிமிடத்தில் நிறுத்தி, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டச் சொல்லுங்கள். நல்ல நாளில் ஓடிவிட்டு மூன்று நாள் படுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் ‘டிஸ்க் தேய்ந்திருக்கிறது’ என்று இருந்தால் அதைச் சொல்லும்போது கவனம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் 2015-ம் ஆண்டுத் தொகுப்பில், 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. இதைச் சொல்லாமல் அறிக்கையை மட்டும் வாசித்துக்காட்டினால், அவர் குனிவதற்கே பயந்து முதுகை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

கடைசியாகக் குழந்தைகள். இவர்களால் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற விதிப்படி கேட்கவே முடியாது. பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணத்தில் 1980-கள் வரை தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்தையும் மிக லேசான மயக்கத்தையும் மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபெண்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் உடலின் அதிர்ச்சி எதிர்வினையும் சிக்கல்களும் குறைகின்றன என்று மருத்துவர் ஆனந்தும் அவருடன் இருந்தவர்களும் 1987-ல் காட்டியபின்தான் அது மாறத் தொடங்கியது. இன்றைக்கு மிச்சம் இருப்பது சின்ன ஊசிகள். ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்தும்முன் 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் சில துளிகள் நாக்கில் விட்டு 2 நிமிடம் பொறுங்கள். தடுப்பூசியின்போது தாய் மடியில் வைத்துப் பாலூட்டிக்கொண்டே போடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பேர் அமுக்குவது வேண்டாம். மருந்தைத் தள்ளும்முன் ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்க்கத் தேவையில்லை. அது வலியை நீட்டுகிறது. இரண்டு ஊசி என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள். டிரிப்ஸ் ஊசி ஏற்றுவது முன்கூட்டியே தெரிந்தால் லிடோகெய்ன்–பிரிலோகெய்ன் களிம்பைத் தடவி, மேலே ஒட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டுக் களிம்பு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

பாராசிட்டமால் குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. அது 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி.; மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஒரு ஸ்பூன் கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போகும், மூன்று மடங்குக்கு மேல். எனவே சீட்டில் ‘5 மி.லி.’ என்று மட்டும் எழுதாமல் மி.கி.யையும் செறிவையும் எழுதுங்கள்.

தையல் போடும் அறைக்கும் ஒரு சொல். லிடோகெய்ன் ஊசி எரிவதற்குக் காரணம் அதன் அமிலத்தன்மை. 1 சதவீத லிடோகெய்ன் 9 மி.லி.யோடு 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மி.லி. கலந்தால் எரிச்சல் வெகுவாகக் குறையும். கலந்ததை உடனே பயன்படுத்துங்கள். மெல்லிய ஊசி, காயத்தின் உள் விளிம்பு வழியாக, மிக மெதுவாக. பிறகு கடிகாரத்தைப் பார்த்து சில நிமிடங்கள் பொறுத்து, தொட்டுச் சோதித்துவிட்டுத் தையல். கிலோவுக்கு 3 மி.கி. என்ற எச்சரிக்கையான எல்லையில், 60 கிலோ எடையுள்ளவருக்கு 1 சதவீத மருந்து 18 மி.லி., 2 சதவீதம் என்றால் 9 மி.லி. மட்டுமே. உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் ரீங்காரம் என்று நோயாளி சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் மாறாது என்று எங்களுக்குத் தெரியும். முதல் வேலையாக, அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் காலையில் அறுவை சிகிச்சை வார்டில் முந்திய நாள் ஆபரேஷன் ஆன பத்துப் பேரின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். வலி மருந்துக்கு மணி குறித்திருக்கிறதா? இருமும்போது உள்ள வலி எண் எழுதியிருக்கிறதா? மருந்து கொடுத்தபின் இரண்டாவது எண் இருக்கிறதா? மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ வரும் ஷீட்டுகளை எண்ணி, அந்த எண்ணைச் செவிலியர் மேசைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து, அதே வார்டில், வேறு பத்து ஷீட்டுகளில் மறுபடி எண்ணுங்கள்.

இப்படிக்கு,
வலி சிகிச்சைப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள்